‘மென்பொருள் கட்டமைப்பு’: கலைச்சொல்லும் கருத்திழப்பும்

‘சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சர்’ என்னும் கலைச்சொல் தமிழில் பெரும்பாலும் ‘மென்பொருள் கட்டமைப்பு’ என வழங்குகிறது. ‘ஸ்ட்ரக்சர்’, ‘ஃபிரேம்வொர்க்’ ஆகியவற்றிற்கும் இச்சொல்லே ஆளப்படுகிறது. வேறுபட்ட மூன்று கருத்துகள் ஒரு சொல்லில் ஒடுங்குவதால் நேரும் இழப்பு சொல்லளவில் நிற்பதன்று.

1992இல் டூவெய்ன் பெரி, அலெக்சாண்டர் உல்ஃப் ஆகிய இருவரும் இதனை உறுப்புகள், வடிவம், காரணம் என மூன்று கூறுகளாக வகுத்தனர். 2000இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 1471 தரநிலை, உறுப்புகளோடும் அவற்றின் உறவுகளோடும் நில்லாது, வடிவமைப்பையும் வளர்ச்சியையும் வழிநடத்தும் நெறிகளையும் வரையறைக்குள் அடக்கியது. 2003இல் மார்ட்டின் ஃபவுலர், ரால்ஃப் ஜான்சனின் கருத்தை முன்வைத்து, வல்லுநர்க்குப் பொதுவான புரிதலையும் பின்னர் மாற்றுதற்கரிய முடிவுகளையும் முதன்மைப்படுத்தினார். இவ்வரையறைகள் தம்முள் வேறுபடினும், உறுப்புகளின் அடுக்கு மட்டுமே இக்கருத்தாகாது என்பதில் ஒன்றுபடுகின்றன.

ஒரு வங்கியின் கணக்குகள் அனைத்தும் ஒரே தரவுத்தளத்தில் உள்ளன எனக் கொள்வோம். அதனை வரைபடம் காட்டும்; பகுத்து வைக்காமைக்குரிய காரணத்தைக் காட்டாது. காரணம் அறிந்தோர் பணிவிட்டு நீங்கின், எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதைப் பின்வருவோர் அறியார். ‘கட்டமைப்பு’ என்னும் சொல்வழி இத்துறையைப் பயிலும் மாணவரும் வரைபடத்தையே கருத்தெனக் கொள்ள நேர்கிறது.

இவ்வேறுபாடு தமிழ் மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியம் 3 அதிகாரங்களும் 27 இயல்களும் உடையது என்பது கட்டமைப்புச் செய்தி. எழுத்தின் பின் சொல்லும், சொல்லின் பின் பொருளும் வைக்கப்பட்டது ஏன் என்பது வேறொரு வினா. உரையாசிரியர்கள் வைப்புமுறைக்குக் காரணம் கூறியும் இயைபு காட்டியும் விடை தேடியது இவ்வினாவிற்கே.

ஆதலின், ‘கட்டமைப்பு’ என்பதை ‘ஸ்ட்ரக்சர்’ என்பதற்கே உரியதாக்கி, ‘ஆர்க்கிடெக்சர்’ என்பதற்கு ‘அமைப்புநெறி’ என்பதை ஆள்வது பொருந்தும். ‘நெறி’ என்னும் பின்னொட்டு, முடிவையும் அதன் காரணத்தையும் சொல்லுக்குள்ளேயே நிறுத்துகிறது. வழக்கில் நிலைத்த சொல்லை மாற்றுதல் குழப்பம் தரும் என்பர். ஏற்கெனவே மூன்று பொருள் தந்து மயக்கும் சொல்லை நிலைத்த சொல் எனல் பொருந்தாது. கலைச்சொல்லாக்கம் அகராதிப்பொருளோடு அமையாது, துறையின் வரையறையை ஆய்ந்தபின் தொடங்குதல் வேண்டும். அதற்குத் தமிழாய்வாளரும் மென்பொருள் வல்லுநரும் ஒருங்கிருந்து உழைத்தல் இன்றியமையாதது.