ஓரம் ஒத்தால் ஓடும் இரதம்

மலையும் பாலமும் நிலையமுமாகச் சின்னஞ்சிறு புகையிரதப் பாதையொன்றை வீட்டிலே அமைக்க ஆசைப்படாத சிறுவர் சிலரே. அதற்கு இடங்கொடுக்கக்கூடிய வீடுகளும் சிலவே. ஆசையோ பெரிது, அறையோ சிறிது. இந்த இக்கட்டுக்கு நண்பர்கள் கூடிக் கண்ட வழியொன்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே மாதிரிப் புகையிரத அன்பர்கள் சிலர், பாதையை ஆளுக்கொரு துண்டாக அமைத்துப் பின்னர் ஒன்றாக இணைக்கும் முறையொன்றை வகுத்தனர். ‘என்ட்ராக்’ என்பது அதன் பெயர். உண்மை வண்டியின் 160-இல் ஒரு பங்கு அளவான வண்டிகள், 9 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட மரச்சட்டமே சாதாரணத் துண்டு. அதனைச் சுவரோரமாகச் சாத்தி வைக்கலாம். வண்டியில் ஏற்றிச் செல்லலாம். கூடும் நாளில் ஒரு மண்டபத்திலே துண்டுகளை வரிசையாக வைத்து இறுக்கி, நான்கு மூலைகளுக்கும் வளைவுத் துண்டுகளைச் சேர்த்தால், எந்த வீட்டிலும் அடங்காத பெரும் பாதை உருவாகிவிடும்.

இதற்காக நண்பர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியது துண்டின் ஓரங்களைப் பற்றி மட்டுமே. முன் விளிம்பிலிருந்து 4, 5½, 7 அங்குலத் தூரங்களில் மூன்று பாதைகள் செல்லவேண்டும். அவற்றுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். தண்டவாளம் தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில் இருத்தல் வேண்டும். இவ்வளவும் சரியாயின், இடையிலே ஒருவர் வயலை அமைக்கலாம். மற்றவர் துறைமுகம் கட்டலாம். இன்னொருவர் மலையைக் குடையலாம். ஏனென்று கேட்பார் இல்லை. 1981-இல் ஜேர்மனியில் தோன்றிய ‘பிரேமோ’ என்னும் நண்பர் சங்கத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அவர்களது முறையில் துண்டின் நீளமும் வளைவுங்கூட அவரவர் விருப்பம்; முனைகள் ஒத்திருந்தாற் போதும்.

எளிதென்று தோன்றுகிறதல்லவா? சிரமம் இங்கேதான் இருக்கிறது. ஓரத்திலே சிறிது அளவு பிசகியிருந்தாலும், தன் வீட்டில் தனியே ஓட்டிப் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. வண்டி அழகாகவே ஓடும். அயல் துண்டோடு சேர்ந்த பின்னரே அது தடம் புரளும். அப்பொழுது பிழை ஒருவருடையது. நின்றுபோவதோ எல்லாருடைய வண்டியும்.

வராமல் இருப்பவரின் நிலையும் இதுவே. நீள்சதுரப் பாதையில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமநீளமாக இருந்தால்தான் வட்டம் மூடும். ஒரு பக்கத்தில் ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால், எதிர்ப்பக்கத்திலே தன் துண்டைச் சுமந்து வந்த நண்பரும் அதை விலக்க நேரிடலாம். மாதக்கணக்கான அவருடைய உழைப்பு அன்று மூலையிலே கிடக்கும்.

பெரிய புகையிரதங்களுக்கும் இவ்விதி பொருந்தும். நமது நாட்டின் பிரதான பாதைகளின் அகலம் 5 அடி 6 அங்குலம். களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ 2 அடி 6 அங்குலமாகவே நெடுங்காலம் இருந்தது. இரண்டும் இரும்புப் பாதைகளே. எனினும் ஒன்றின் வண்டி மற்றதில் ஓட இயலவில்லை. 1990-களில் அப்பாதை அகலமாக்கப்பட்ட பின்னரே அத்தடை நீங்கியது.

மாணவ நண்பர்களே, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இதனைத் தொடங்கலாம். மலையையும் மரத்தையும் முதலில் எண்ணாதீர்கள். ஒத்துக்கொண்ட அளவுகளை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி, எல்லாரும் பிரதி வைத்திருங்கள். ஒரே ஓர் அளவுப் பலகையைச் செய்து, அதைக் கொண்டே எல்லாருடைய ஓரங்களையும் குறியுங்கள். அவரவர் அடிமட்டத்தை நம்ப வேண்டாம். மூலைமட்டத்தால் சட்டத்தையும், ரசமட்டத்தால் கிடையையும் சோதியுங்கள். தரை எங்கும் சமமாக இராது. ஆகவே, கால்களின் அடியில் உயர்த்தித் தாழ்த்தக்கூடிய மரையாணிகளைப் பொருத்துங்கள். மின்கம்பிகளை எல்லாத் துண்டுகளிலும் ஒரே ஒழுங்கில் இணையுங்கள். வர்ணம் பூசுமுன், வெறும் பலகைகளைச் சேர்த்து வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிழை தெரிந்தால், அது யாருடையது என்று வாதிடாமல் அளவுப் பலகையைக் கேளுங்கள். அதற்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை.

நால்வர் நான்கு விதமாக எண்ணலாம். நான்கு விதமாக அமைக்கலாம். நால்வருடைய நிலத்தையும் ஒரே வண்டி நிற்காமற் கடந்து வரும்போது உண்டாகும் மகிழ்ச்சி, தனியறையில் தனியே ஓட்டுபவருக்குக் கிட்டாதது. மலையைப் பின்னர் கட்டலாம். முதலில் ஓரத்தை அளந்து கொள்ளுங்கள்.