ரஜாக் காலமும் பென்ஷனும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைக் கிராமங்களில் ஊழியம் புரியும் ஓர் உபாத்தியாயினியின் தாயார் அடிவாரத்தில் நோயுற்றுப் படுத்துவிட்டால், அவர் தினந்தோறும் ஏறியிறங்கி இரண்டு கடமைகளையும் எங்ஙனம் நிறைவேற்றுவார்? கணக்கிலுள்ள ரஜா தீர்ந்தபின் சம்பளமில்லாத ரஜாவே கதி. கஷ்டம் சம்பளத்தோடு நிற்பதில்லை. முதுமைக்கால பென்ஷனிலும் அது கை வைக்கிறது.

1972-ம் வருஷத்து மத்திய சர்க்கார் பென்ஷன் விதிகளில் 21-வது விதி, சம்பளத்துடன் கூடிய ரஜாவையும், வைத்திய அத்தாட்சியின் பேரில் எடுத்த அசாதாரண ரஜாவையும் சேவைக் கணக்கில் சேர்த்தது. உயர்தர விஞ்ஞான, தொழில்நுட்பப் படிப்புக்காக எடுத்த ரஜாவையும் சேர்க்க இடமளித்தது. பெற்ற தாயைப் பேணுவதற்கு அம்மதிப்பு இல்லை போலும்!

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் உத்தியோகத்தில் சேர்ந்தவர்களுக்கென ஏற்பட்ட பங்களிப்புத் திட்டத்தில் ஊழியர் நூற்றுக்கு 10 பங்கு செலுத்த, சர்க்காரும் அதே தொகையைச் செலுத்துவதென்று வைத்தார்கள். சம்பளமில்லாத மாதத்தில் பிடித்தம் ஏது? ஊழியர் பங்கு நின்றால் சர்க்கார் பங்கும் நின்றது. 2025 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த மத்திய சர்க்காரின் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தில் 25 வருஷ சேவைக்கே நூற்றுக்கு 50 என்னும் பூரண விகிதம் உண்டு. இரண்டு வருஷம் கணக்கில் வராமல் 23 ஆனால் அது 46 ஆகும். அக்குறைவு ஆயுள் முழுவதும் தொடரும். சந்தாவில் நேர்ந்த குறையைப் பணம் கட்டி நிரப்ப இத்திட்டத்தில் வழியுண்டு என்பது மெய்யே. ஆனால் நிரப்ப வேண்டியவர் ஊழியரே.

இங்கிலாந்தின் ஸ்தல ஸ்தாபன ஊழியருக்காக 2014-ல் வந்த பென்ஷன் திட்டம் வேறு முறையைக் கைக்கொண்டது. அனுமதி பெற்றுச் சம்பளமில்லாத ரஜாவில் சென்றவர், திரும்பிய 30 தினங்களுக்குள் விருப்பம் தெரிவித்தால், இழந்த பென்ஷனை விலைகொடுத்து மீட்கலாமென்று அது வகுத்தது. விலையில் மூன்றில் இரண்டு பங்கை ஸ்தாபனமே ஏற்க வேண்டியிருந்தது. செல்வம் மிகுந்த தேசம், ஆகையால் செய்தார்கள் என்று நம் நிதியிலாகா சொல்லக்கூடும். ரஜாக் காலத்தில் சர்க்காருக்குச் சம்பளமும் பங்கும் மிச்சமாகின்றன என்பதை அவர்கள் மறக்கலாகாது. அம்மிச்சத்தில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.

நாம் இனாம் கேட்கவில்லை. ரஜாவிலிருந்து மீண்ட ஊழியர் தம் பங்கைத் தவணைகளில் செலுத்தினால், சர்க்காரும் தன் பங்கைச் செலுத்தி அக்காலத்தைச் சேவையில் சேர்க்க வேண்டும். பென்ஷன் திட்டத்தின் பெயரைப் பற்றியே வருஷக்கணக்கில் வாதாடிவரும் ஊழியர் சங்கங்கள், இக்கோரிக்கையையும் தங்கள் மகஜரில் முதல் வரிசையில் எழுதி உடனே சமர்ப்பிப்பார்களாக.