உனக்கெதற்குக் கிரேக்கம்?

நான் மயிலத்துக்காரன். நம் கடற்கரையைப் பற்றிப் பழைய கிரேக்க, லத்தீன் நூல்கள் என்ன சொல்கின்றன என்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊரில் சொன்னால், "இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் கேட்க வேண்டிய கேள்விதான். கோபம் வரவழைப்பவை வேறு இரண்டு கேள்விகள். "உங்க ஆளுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பது ஒன்று. "வெள்ளைக்கார மேட்டுக்குடிப் படிப்பு நமக்கெதற்குத் தோழர்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைச் சாதி கேட்கிறது. இரண்டாவதை நம் தோழர்களே கேட்கிறார்கள். இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்: பழைய மொழிகளின் சாவி இதுவரை யார் கையில் இருந்ததோ, அவர்கள் கையிலேயே இருக்கும்.

இந்தப் பூட்டின் கதை நமக்குத் தெரியும். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத மாணவர் என்பதால் அது மறுக்கப்பட்டது, பாரசீகம் எடுத்தார். பின்னாளில் சமஸ்கிருதத்தைச் சொந்த முயற்சியில் கற்றார். அமெரிக்காவில் இதே பூட்டு வேறு வடிவில் இருந்தது. கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பரைக் காட்டினால்தான் கறுப்பரை மனிதர் என்று நம்புவேன் என அடிமைமுறை ஆதரவாளர் ஜான் கால்ஹூன் சொன்னதாக, கறுப்பின அறிஞர் அலெக்சாண்டர் கிரம்மெல் பதிவு செய்திருக்கிறார். அடிமையாகப் பிறந்த வில்லியம் ஸ்கார்பரோ 1881இல் கிரேக்கப் பாடநூலையே எழுதி வெளியிட்டார். கால்ஹூனிடம் மனிதச் சான்றிதழ் வாங்க வேண்டிய தேவை கறுப்பருக்கு இல்லை, நமக்கும் இல்லை. ஆனால் ஒரு மொழியை மறுப்பவர்கள் அதன் பலம் தெரிந்துதான் மறுக்கிறார்கள்.

அந்தப் பலத்தை நன்றாகப் பயன்படுத்தியவர் அம்பேத்கர். 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' உரையில் அவர் ரோமக் குடியரசுக்குப் போகிறார். பிளெபியர்கள் போராடித் தங்களுக்கென்று ஒரு கான்சலைப் பெற்றார்கள். ஆனால் அவரை டெல்ஃபி தெய்வம் ஏற்க வேண்டும். தெய்வத்தின் விருப்பத்தைச் சொல்லும் பூசாரிகளோ பட்ரீசியர்கள். அதனால் சுயமாகச் செயல்படும் கான்சல் பிளெபியர்களுக்குக் கிடைக்கவே இல்லை. பொருளாதாரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்ற சோசலிஸ்டுகளுக்கு அவர் கொடுத்த பதில் இது. வேறோர் எழுத்தில் ரோம அடிமையையும் தீண்டப்படாதவரையும் ஒப்பிடுகிறார். அடிமையாக இருந்த டெரன்ஸ் லத்தீன் நாடகாசிரியர் ஆனார். சிசரோவின் அடிமை டீரோ அவருடைய செயலாளராக இருந்தார். எழுத்தறிந்த அடிமை எஜமானுக்கு லாபம். தீண்டப்படாதவருக்கோ அந்த எழுத்தும் மறுக்கப்பட்டது. அடிமைமுறைக்கு வெள்ளையடிக்க அவர் இதைச் சொல்லவில்லை. சுரங்கங்களில் செத்த அடிமைகள் ஏராளம். தீண்டாமை எவ்வளவு கொடியது என்று காட்ட உலகத்துக்குத் தெரிந்த அளவுகோலை எடுத்தார்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். மயிலத்திலிருந்து பாண்டிச்சேரி போய், அரியாங்குப்பம் ஆற்றங்கரையை அடைந்தால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியக் கலங்களும் மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளும் கிடைத்த இடம். 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல் சொல்லும் பொதுகே இதுதான் என்றும், சோபட்மா நம் மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிவிடுகிறது என்று பிளினி புலம்பியதை மேடைதோறும் கேட்டுக் கைதட்டுகிறோம்.

கைதட்டுவதோடு நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் புகார். அதே பெரிப்ளூஸ், இன்றைய குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் அரசனுக்காக இறங்கிய சரக்குகளைப் பட்டியலிடுகிறது. வெள்ளிப் பாத்திரங்களோடு இசை தெரிந்த அடிமைகளும், அந்தப்புரத்துக்கான பெண்களும் அதில் உண்டு. பெருமைக்காகப் படிப்பவர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். மூட்டை தூக்கியவர் யார், முத்துக் குளித்தவர் யார், லாபம் யாருக்கு என்று கேட்பவர் இந்த வரியில் நிற்பார். அந்தக் கேள்வியோடு மூலத்தைப் படிக்க நம்மில் எத்தனை பேருக்கு மொழி தெரியும்? பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பியிருக்கிறோம்.

இந்த மொழிகளைக் கற்க முயன்றால் என்ன நடக்கும்? குருமடங்களுக்கு வெளியே தமிழ்நாட்டில் அதற்கான வழி மிகக் குறுகியது. வெளிநாடு போகலாம் என்றால், பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஒன்றிய அரசு 2022இல் ஒரு விதியைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இந்தத் தொகை கிடையாது. இதற்கான வளமும் வல்லுநர்களும் இங்கேயே இருக்கிறார்களாம்!

முசிறி வணிகத்தின் கடன் ஒப்பந்தம் எழுதிய 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் எங்கே இருக்கிறது? வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில். எழுதப்பட்ட மொழி கிரேக்கம். இங்கே எந்த வளத்தை வைத்து அதைப் படிக்கச் சொல்கிறார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சொந்தப் பணத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இந்திய வரலாறு படிக்க எந்தத் தடையும் இல்லை. அரசுத் தொகையை நம்பியிருக்கும் தலித் மாணவருக்கு மட்டும் சொந்த நாட்டின் வரலாறு விலக்கப்பட்ட பாடம். எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் ஓர் ஆசிரியர் செய்ததை இன்று ஓர் அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறையாக அச்சிட்டிருக்கிறது.

"நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டம்" என்று அக்கறையோடு சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. எங்கள் மயிலம் மலையடிவாரத்தில் ஆதீனத்தின் தமிழ்க் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே தொல்காப்பியம் படிக்கிறார்கள். வேற்றுமை மயக்கத்தைப் புரிந்துகொள்பவருக்குக் கிரேக்க வேற்றுமைகள் புரியாமல் போகாது. வகுப்பறையும் ஆசிரியரும் உதவித்தொகையும்தான் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். 2022 விதி நீக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகமாவது பாலி, பிராகிருதத்தோடு கிரேக்கத்தையும் லத்தீனையும் கற்பிக்கும் துறையை, இடஒதுக்கீட்டோடும் உதவித்தொகையோடும் தொடங்க வேண்டும். பெரிப்ளூஸும் பிளினியும் மூலமொழியிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வர வேண்டும். சென்னைத் தலைமைச் செயலகமும் டெல்லி அமைச்சகமும் இதைத் தாமாகச் செய்யப் போவதில்லை. கல்வி உரிமைக்காக அடுத்து நடத்தும் மாநாட்டுத் தீர்மானத்தில் இந்த மூன்றையும் சேருங்கள் தோழர்களே.