அந்தக் கறுப்பு வெள்ளை பனியன்



உலகக் கோப்பைக் கால்பந்து வரப்போகிறது என்பது திருப்பூரில் விளையாட்டுப் பக்கமே படிக்காதவர்களுக்கும் தெரிந்துவிடும். கட்டிங் டேபிளில் மஞ்சளும் நீலமும் ஏறும். காதர்பேட்டைக் கடைகளில் அதே நிறங்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொங்கும். இந்த மாதம் வேறு நிறங்களைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊரிலிருந்து பையில் மடித்துக் கொண்டுவந்த நிறங்கள் அவை.

சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை டீக்கடை வாசலில் கூடும் மேற்கு வங்கத்துப் பையன்களைக் கவனித்திருப்பீர்கள். பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த ஒரு செல்போனை ஏழெட்டுத் தலைகள் மறைத்துக்கொண்டிருக்கும். உள்ளே ஓடுவது கொல்கத்தாக் கால்பந்து. ஒருவன் பச்சையும் அரக்கும் போட்டிருப்பான், மோகன் பகான். சிவப்பும் தங்கமும் ஈஸ்ட் பெங்கால். கறுப்பும் வெள்ளையும் முகமதன் ஸ்போர்ட்டிங். அப்படி ஒரு மாலையில், பல வருஷமாகப் பழகிய லேபர் கான்ட்ராக்டர் ஒருவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, அந்தக் கறுப்பு வெள்ளை பாய்ங்க டீமாமுங்களே?"

ஆமாம். பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஆமாமோடு நிறுத்திவிட்டால் ஒரு நூற்றாண்டுக் கதையில் முக்கால்வாசி போய்விடும்.

மோகன் பகான் 1889இல் பிறந்தது, முகமதன் 1891இல், ஈஸ்ட் பெங்கால் 1920இல். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று வீழ்த்தியது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டு ஆடியவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவர்தான். அவர் கிறிஸ்தவர். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். அன்று கல்கத்தா முஸ்லிம்களும் தங்கள் வெற்றியாக அதைக் கொண்டாடினார்கள். நாட்டை ஆண்டுகொண்டிருந்தவனைத் தோற்கடித்தவன் என்ன மதம் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

23 வருஷம் கழித்து, 1934இல், முகமதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை எந்த இந்திய அணியும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. அதோடு விடாமல் 1938 வரை வரிசையாக ஐந்து வருஷம் ஜெயித்தார்கள். 1940இல் டெல்லியில் ட்யூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அவர்கள்தான். இதுவும் வெள்ளைக்காரனை வென்ற வெற்றிதான். 1911க்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் இந்தத் தடவை நகரம் முழுக்க ஒரே மனதாகக் கொண்டாடவில்லை. அரசியல் அதற்குள் இந்து, முஸ்லிம் இரண்டு சமூகத்தையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தது. மைதானத்தின் கேலரி மட்டும் தப்புமா? அந்த ஐந்து பட்டங்களும் நம் பாடப் புத்தகத்தில் 1911 அளவுக்கு இடம் பெறாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்த அணியில் ஆடிய ஒருவரை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். முகமது சலீம். 1936இல் சகோதரரோடு ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக் கிளப் அவரை ஆடவைத்துப் பார்த்தது. பூட்ஸ் வேண்டாம் என்றார். செல்டிக்கின் பழைய ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து உட்கார்ந்து சலீமின் பாதத்தில் துணிக்கட்டு சுற்றுகிற புகைப்படம் இன்றும் இருக்கிறது. அந்தக் கட்டோடு இரண்டு ஆட்டம் ஆடி ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளை வியக்கவைத்துவிட்டு ஊர் திரும்பினார்.

செல்டிக் சாதாரணக் கிளப் இல்லை. பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக் கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சோறு போட நிதி வேண்டும் என்று, பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் தொடங்கியது. எதிரே புராட்டஸ்டன்ட் ஆதரவாளர்களின் ரேஞ்சர்ஸ். கத்தோலிக்கரை எடுப்பதில்லை என்பது அங்கே பல பத்தாண்டுகளாக எழுதாத சட்டம். 1989இல் மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரை எடுத்தபோது, தாங்கள் கட்டிக்கொண்டு திரிந்த கழுத்துத் துண்டையே கொளுத்திய ரசிகர்கள் உண்டு. தன் அணிக்குக் கோல் போட வந்தவனையே வேண்டாம் என்று சொல்பவரை அந்த அணியின் ரசிகர் என்று எப்படிச் சொல்வது? செல்டிக்கோ, ஜாக் ஸ்டெய்ன் என்ற புராட்டஸ்டன்ட் பயிற்சியாளரின் கீழ்தான் 1967இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

கிளப்பின் பெயரில் மதமோ ஊரோ இருப்பது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். மிதிபட்டவர்கள் நிமிர்ந்து நிற்க ஒரு கூரை தேடுவார்கள். கதவைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஈஸ்ட் பெங்கால் கதையைப் பாருங்கள். பிரிவினையில் வீடு வாசல் இழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்த இந்து அகதிகள் அந்தக் கிளப்பைத் தங்கள் உயிராக நினைத்தார்கள். ரத்தம் காயாத அந்த வருஷங்களில், 1949 முதல் 1953 வரை, அவர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய முன்வரிசை ஐவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். இருவர் முஸ்லிம்கள். ரசிகர்கள் அந்த ஐவருக்கு வைத்த பெயர் பஞ்ச பாண்டவர்! 1949, 1950, 1951 என்று மூன்று வருஷமும் ஷீல்டு அவர்களுக்கே. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் அகமது கானைப் பாண்டவர் என்று அழைத்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மதம் இல்லாவிட்டால் சண்டை இல்லை என்றும் எண்ண வேண்டாம். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஒரே மதம், ஒரே மொழி, பூர்விகம்தான் வேறு. நாற்பத்து நான்கு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்ட் 18 அன்று, அதே இரண்டு அணிகளின் ட்யூராண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு நகரம் கொந்தளித்திருந்த நேரம். பாதுகாப்புக் கொடுக்க இயலாது என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் இல்லை என்று ரசிகர்கள் வீட்டில் இருக்கவில்லை. சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே பச்சை அரக்கும் சிவப்பு தங்கமும் ஒன்றாகத் திரண்டன. முகமதன் கொடியும் வந்து சேர்ந்தது. போலீஸ் தடியடி மூவருக்கும் சமமாக விழுந்தது.

கான்ட்ராக்டர் நண்பருக்கு இன்னொன்றும் சொன்னேன். முகமதன் 1981இல் லீக்கை வென்றபின் அடுத்த பட்டத்துக்கு நாற்பது வருஷம் காத்திருந்தது. 2021 இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலைப் போட்டவர் டிரினிடாட் நாட்டு மார்கஸ் ஜோசப். பயிற்சியாளர் ரஷ்யாவின் செர்னிஷோவ். தோற்றுத் தோற்று நாற்பது வருஷம் கொடியைக் கீழே வைக்காதவர்களை நான் ரசிகர்கள் என்பேன். ஜெயிக்கிற அணிக்குக் கைதட்ட யாராலும் முடியும்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றவர்களை நாம் பார்த்தோம். ஓவர்லாக் மெஷினில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எந்த அணிக்காரன் என்றுகூடக் கேட்டறியாத ஊரில் வதந்திக்கு வேலை சுலபம்.

கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். குடோனுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் காலி இடத்தை ஞாயிறு ஒரு மாலைக்கு விடுங்கள். இரண்டு கம்பு நட்டால் கோல் போஸ்ட். அணி பிரிக்கும்போது ஊர்வாரியாகப் பிரிக்காமல், கட்டிங் ஒரு பக்கம், செக்கிங் ஒரு பக்கம் என்று பிரியுங்கள். உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே அணி இருந்தால் ஆட்டக்காரர்கள் பெயரோடும் படத்தோடும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்