கரையும் ஸ்டென்ட்: செய்தியும் சிகிச்சையும்

அடைத்த இதயக் குழாயை விரித்து உள்ளே வைக்கும் ஸ்டென்டுக்குச் சில மாத வேலைதான்: குழாய் மீண்டும் ஒடுங்காமல் தாங்குவது. குழாய் ஆறிய பிறகும் அந்த உலோக வலை ஆயுள் முழுதும் உள்ளேயே கிடக்கிறது. ஆண்டுகள் கழித்தும் அதில் இரத்தம் உறையலாம்.

வேலை முடிந்ததும் தானே கரையும் ஸ்டென்ட் என்ற செய்தி எல்லோரையும் கவர்வது இதனால்தான். ஆனால் அத்தகைய தலைப்பைக் காணும்போதெல்லாம் எனக்கு 'அப்சோர்ப்' நினைவுக்கு வருகிறது. அபொட் நிறுவனம் பொலிமரால் செய்த இந்தக் கரையும் ஸ்டென்ட் 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதி பெற்றது. வழமையான ஸ்டென்டை விட இதில் இரத்த உறைவு அதிகம் என ஆய்வுகள் காட்டின. விற்பனை சரிந்தது. 2017 செப்டெம்பரில் விற்பனையை நிறுத்துவதாக அபொட் அறிவித்தது.

உலோகத்தில் சிக்கல் கரையும் வேகம்தான். இரும்பு மிக மெதுவாக அரிக்கப்படுகிறது. மகனீசியம் அவசரப்படுகிறது. அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தி உருவாக்கிய 'மக்மாரிஸ்' 2016 இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. அதன் மகனீசியத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ ஓராண்டில் கரைகிறது. நாகத்தின் வேகம் இரண்டுக்கும் இடைப்பட்டது. 2013 இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் அதைக் காட்டினர். ஆனால் தூய நாகம் மென்மையானது. கலப்புலோகமாக்கியே வலுவூட்ட வேண்டும்.

ஆகவே 'கரைகிறதா?' என்பது பாதிக் கேள்வி. கரையும்வரை தாங்கியதா, ஐந்து ஆண்டுகளின் பின் நோயாளர் எப்படி இருக்கிறார் என்பவை மீதி. அந்தத் தரவு வரும்வரை அது ஆய்வுச் செய்தி மட்டுமே. எங்கள் ஊடகங்கள் அதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். தலைப்பை நம்பிக் கடன்பட்டு ஓடுவது நோயாளரின் குடும்பம்தான்.