கணக்கும் கேட்பார், வணக்கமும் சொல்வார்!

2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவை சனிக்கிழமையில் கூடுவது அபூர்வம். 1982-ல் ஃபாக்லாந்து போர் வெடித்தபோது கூடியது. 2019-ல் பிரெக்ஸிட் சிக்கலின்போது கூடியது. இந்தச் சனிக்கிழமை கூடியதற்குக் காரணம் ஒரு மரணம். இரண்டு நாட்களுக்கு முன் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில், 70 ஆண்டுகள் அரியணையில் இருந்த இரண்டாம் எலிசபெத் ராணி தன் 96-வது வயதில் காலமாகியிருந்தார்.

வெள்ளி, சனி இரண்டு நாட்களும் எம்.பி.க்கள் வரிசையாக எழுந்து அஞ்சலி செலுத்தினார்கள். ராணி தங்கள் ஊருக்கு வந்த நாளைச் சிலர் நினைவுகூர்ந்தார்கள். அவருடைய நகைச்சுவையைச் சிலர் சொல்லிச் சிரித்தார்கள். உலகமே டி.வி.யில் பார்த்தது.

அதே எம்.பி.க்கள் சாதாரண செவ்வாய், புதன்கிழமைகளில் என்ன செய்கிறார்கள்? அதை டி.வி.யில் பார்க்க ஆள் இல்லை. ஆனால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் அங்கேதான் அலசப்படுகிறது.

யாரும் எட்டிப் பார்க்காத கல்லூரி

இங்கிலாந்தில் 16 வயதில் பள்ளி இறுதித் தேர்வு. அதன் பிறகு பல்கலைக்கழகப் பாதையில் போகிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? 'ஃபர்தர் எஜுகேஷன்' எனப்படும் கல்லூரிகளுக்கு. நம்மூர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மாலை நேர வகுப்பு மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

கொத்து வேலை, குழாய் வேலை, சமையல், சிகை அலங்காரம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அங்கே கற்றுத் தரப்படுகின்றன. இங்கிலீஷிலும் கணக்கிலும் தேர்ச்சி தவறியவர்கள் அங்கேதான் திரும்பப் படிக்கிறார்கள். வேலை போன நாற்பது வயதுக்காரரும், புதிதாகக் குடியேறி ஆங்கிலம் கற்க வந்த அம்மாவும் அங்கேதான் உட்காருகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் இடம்.

பட்ஜெட் இறுக்கும்போது கத்தி முதலில் விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று. 2010-11 முதல் 2019-20 வரை இந்தக் கல்லூரிகளில் படிக்கும் 16 - 18 வயது மாணவர் ஒருவருக்கான செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 14 சதவிகிதம் குறைந்தது என்று நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். கணக்கிட்டது.

கேள்வி கேட்கும் அறை

இங்கேதான் பொதுக் கணக்குக் குழு வருகிறது. 1861-ல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது உருவான குழு இது. தலைவர் எதிர்க்கட்சிக்காரராக இருப்பது மரபு. 'இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா' என்று குழு கேட்பதில்லை. 'கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்ததா' என்று கேட்கும். கல்வித் துறையின் தலைமைச் செயலர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

2020 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் இந்தக் கல்லூரிகளின் நிதிநிலை பற்றி அறிக்கை தந்தது. பணநெருக்கடியைத் தடுக்கவோ சமாளிக்கவோ ஏறத்தாழ பாதிக் கல்லூரிகளில் அரசு தலையிட வேண்டியிருந்ததை அது எடுத்துச் சொன்னது. அடுத்து அதை எடுத்து அலசியது பொதுக் கணக்குக் குழு. 2021 ஜனவரியில் அதன் அறிக்கையும் வந்தது.

கல்லூரியின் கையிருப்பு குறைந்தால் என்ன ஆகும்? கட்டடம் இடிந்து விழாது. ஒரு பாடப்பிரிவு சத்தமில்லாமல் மூடப்படும். மனநல ஆலோசகரின் நேரம் குறையும். வேண்டிய படிப்பு உள்ளூரில் இல்லாததால் ஒரு பிள்ளை இரண்டு பஸ் மாறிப் போகும். கொஞ்ச நாளில் போகாமலே நின்றுவிடும். செய்தியில் வராத இழப்பு இது. அதனால்தான் அதை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

ராணி படித்த வரி

இந்தக் கல்லூரிக்கும் அரண்மனைக்கும் தொடர்பு உண்டா? உண்டு.

2021 மே 11. கணவர் பிலிப் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கொரோனா காலம் என்பதால் ரதம் இல்லை. காரில் வந்து இறங்கினார் ராணி. நாடாளுமன்றத்தைத் தொடங்கி வைத்து அவர் படித்த உரையில், வாழ்நாள் முழுவதும் திறன் வளர்க்கும் கல்விக்கான சட்டம் பற்றிய அறிவிப்பும் இருந்தது. அந்த உரையை எழுதுவது ராணி அல்ல, அமைச்சர்கள். குரல் மட்டும்தான் அவருடையது.

மசோதா முதலில் பிரபுக்கள் சபைக்கும் பிறகு மக்களவைக்கும் போனது. பல மாதங்கள் வரி வரியாக விவாதித்தார்கள். 2022 ஏப்ரல் 28-ல் அரச ஒப்புதல் கிடைத்துச் சட்டமானது. உள்ளூர் முதலாளிகளுக்கு என்ன திறன் தேவை என்று கேட்டுக் கல்லூரிகள் திட்டமிட வேண்டும் என்கிறது அது. இங்கே ஒப்புதல் என்பது சடங்கு. ஒரு மசோதாவுக்கு அரியணை கடைசியாக மறுப்புச் சொன்னது 1708-ல், ஆன் ராணியின் காலத்தில்.

ஒப்புதல் கிடைத்து நான்கு வாரத்தில், மே 26-ல், ராணியின் 70 ஆண்டு ஆட்சியை வாழ்த்தி எம்.பி.க்கள் தீர்மானம் நிறைவேற்றினார்கள். செப்டம்பரில் அஞ்சலி. ஒரே ஆண்டில் ஒரே ஆட்களின் வேலை இவ்வளவும்.

வாசலில் அறையப்படும் கதவு

'அரசரை வணங்கிக்கொண்டே அரசரின் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பதா?' என்று தோன்றலாம். பிரிட்டனில் அதுதான் ஏற்பாடு. பணம் கேட்பது அரசர் பெயரில் இயங்கும் அரசாங்கம். கொடுப்பது மக்களவை. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

இந்த உரிமை சும்மா வரவில்லை. 1642 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னர் படையுடன் மக்களவைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் பார்த்தார். அவர்கள் முன்பே தப்பிவிட்டார்கள். எங்கே என்று கேட்டதற்கு, அவையின் உத்தரவில்லாமல் தன் கண் எதையும் பார்க்காது, வாய் எதையும் பேசாது என்று சொல்லிவிட்டார் சபாநாயகர். அதற்குப் பிறகு எந்த மன்னரும் அந்த அவைக்குள் கால் வைத்ததில்லை. இன்றும் தொடக்க விழாவில் எம்.பி.க்களை அழைக்க அரச தூதர் 'பிளாக் ராட்' வரும்போது கதவை அவர் முகத்துக்கு நேரே அறைந்து சாத்துகிறார்கள். மூன்று முறை தட்டிய பிறகே திறக்கிறது.

அந்த முதலாம் சார்லஸ் 1649-ல் விசாரிக்கப்பட்டது வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில். மரண தண்டனை விதிக்கப்பட்டதும் அங்கேதான். 2022 செப்டம்பர் 12-ல் மூன்றாம் சார்லஸ் அதே ஹாலுக்கு வந்து, இரு அவைகளின் இரங்கல் தீர்மானங்களை ஏற்றுக்கொண்டார்.

அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்காத எம்.பி. பேச முடியாது, ஓட்டுப் போட முடியாது, சம்பளமும் கிடையாது. 2024 ஜூலையில் லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்ற, ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரனுக்கும் விதி அதுதான். ஆனால் அந்த உறுதிமொழி எந்தக் கேள்வியையும் தடுப்பதில்லை.

கேள்வி கேட்டால் போதுமா?

போதாது. குழு அறிக்கை தரலாம். அரசு வழக்கமாக இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் 'பணம் கொடு' என்று உத்தரவு போடக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஓர் உதாரணம்: 2022 நவம்பரில் இந்தக் கல்லூரிகள் பொதுத்துறையாக வகைப்படுத்தப்பட்டன. அரசுப் பள்ளிகள் தாங்கள் கட்டிய வாட் வரியைத் திரும்பப் பெறுகின்றன. அதே சலுகை அப்போதும் கல்லூரிகளுக்கு வரவில்லை.

அதனால்தான் ஒரே கேள்வியை எம்.பி. வருடா வருடம் கேட்க வேண்டியிருக்கிறது. அஞ்சலி உரை ஐந்து நிமிடம். கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். கல்லூரிக் கணக்கு பல மணி நேரம். கேட்டவர்கள் கொட்டாவி விடுவார்கள். பஸ் மாறிப் போகும் அந்தப் பிள்ளைக்கு உதவுவது இரண்டாவதுதான்.

குழு விசாரணைகளின் வீடியோவும் எழுத்துப் பதிவும் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசம். அடுத்த முறை ஓர் எம்.பி. தலை குனிந்து அஞ்சலி செலுத்துவதைப் பார்த்தால், கமிட்டி அறையில் தலை நிமிர்ந்து அவர் என்ன கேட்டார் என்றும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.