கரோலினா அரிசிக்கு இன்ஜினியர் யார்?

அமெரிக்க விவசாயம் என்றால் நமக்குச் சோளமும் கோதுமையும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1700-களில் தென் கரோலினாவைப் பணக்காரக் காலனி ஆக்கியது அரிசி. சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போச்சு. அதுக்கான பாராட்டு ரொம்ப காலம் தோட்ட முதலாளிகளுக்கே போச்சு. என் பிரச்சினையே அதுதான்.

அந்த வயல் எப்படி வேலை செய்ததுன்னு பாருங்க. ஹை டைட் வரும்போது கடல் தள்ள, ஆத்துத் தண்ணி மட்டம் ஏறும். உப்புத் தண்ணி கனம், அடியில் நிக்கும். நல்ல தண்ணி மேலே மிதக்கும். அப்போ மதகைத் திறந்தால் நல்ல தண்ணி வயலுக்குள்ள வரும். வடிக்கணும்னா லோ டைட்டில் திறக்கணும். மதகின் ரெண்டு முனையிலும் தொங்குகிற கதவு; ஒன்றைத் தூக்கிவிட்டால், மற்றதைத் தண்ணியின் அழுத்தமே திறந்து மூடும். நாம படிக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு! பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை.

சதுப்புக் காட்டை வெட்டி, கரை கட்டி, இதையெல்லாம் செய்தது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 1708-லேயே அங்கே வெள்ளையர்களைவிடக் கறுப்பின மக்கள்தான் அதிகம். பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அந்தக் கரையோரத்தில் வரப்பு கட்டி நெல் விளைவித்ததைப் போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அடிமை விற்கும் பத்திரிகை விளம்பரங்களில் 'நெல் விளையும் கரையிலிருந்து' என்பதே ஒரு தகுதி! அறுவடைக்குப் பிறகு உரலில் குத்தியதும், பின்னிய தட்டில் புடைத்ததும் ஆப்பிரிக்க முறைதான்.

இந்த வாதத்தை விரிவாக வைத்தது ஜூடித் கார்னியின் 2001 புத்தகம். முதலாளிகளின் பங்கையும் சேர்க்கணும், ஆப்பிரிக்க அறிவை மிகைப்படுத்தக் கூடாதுன்னு 2007-ல் வேறு வரலாற்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சரி, எல்லாமே ஆப்பிரிக்காவிலிருந்து அப்படியே வந்ததுன்னு நானும் சொல்லல. ஆனா பல வருஷம் சேத்துல நின்னு, கரை உடைஞ்சா திரும்பக் கட்டி, எது நிக்கும் எது நிக்காதுன்னு கத்துக்கிட்டது யார்? அதுக்குப் பேர் வெறும் உழைப்பா?

1787-ல் தண்ணீரால் ஓடும் அரிசி ஆலையைக் கட்டிய ஜோனதன் லூகாஸின் பெயர் வரலாற்றில் இருக்கு. இருக்கட்டும், நல்ல மெஷின். மதகு செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. பெயரை நம்மால் மீட்க முடியாது. செய்த வேலையை 'கூலி வேலை'ன்னு எழுதாமல் இன்ஜினியரிங்னு எழுத முடியும். அதையாவது செய்யணும்.